பாலத்துக்கு அந்தப் பக்கம்

1841ஆம் வருடம் ஜூன் 6ஆம் தேதி இரவு, பிரஸ்டீன் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டில் 15 வயதுப் பெண் ஒருத்தி வேலைக்காரியாக இருந்தாள். சென்சஸ் தாளில் அவள் பெயர், வயது, 'பெண் வேலையாள்' என்பதற்கு இரண்டெழுத்துச் சுருக்கம், அதற்கு அடுத்த கட்டத்தில் 'என்' என்று ஓர் ஆங்கில எழுத்து. அவ்வளவுதான். 'இதே கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா?' என்பது கேள்வி, 'இல்லை' என்பது பதில். அந்த ஒற்றை எழுத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு இரண்டு வருடம் அவளை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் என் மாமியாருடைய பாட்டியின் பாட்டி. நான் நாசரேத்தில் பிறந்து, திருச்சியில் படித்து, கல்யாணமாகி இங்கே இங்கிலாந்தில் இருக்கும் ஹெரிஃபோர்டுக்கு வந்தவள். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் ரத்த உறவு கிடையாது. ஆனால் என் மகனுக்கு உண்டு. அவன் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொன்னபோது, என் பக்கத்துக் கிளைகளை எங்கள் ஊர் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்து அம்மா போனிலேயே நாலு தலைமுறை சொல்லிவிட்டார்கள். என் கணவர் பக்கம் மாமியாருடைய பாட்டியோடு நின்றுவிட்டது. "அதுக்கு மேல யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை" என்றார் மாமியார். அவருக்கு இப்போது 82 வயது. அந்த வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பிரஸ்டீன் வேல்ஸ் நாட்டின் கிழக்கு ஓரத்தில், பழைய ராட்னர்ஷயர் கவுண்டியில் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் ஊரின் பெயர் லானாண்ட்ராஸ், அதாவது அந்திரேயா கோவில். பிராட் தெருவில் இறங்கி நடந்தால் ஒரு பக்கம் பழைய நீதிமன்றம், கீழே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம், அதையும் தாண்டினால் லக் என்ற ஆறு, அதன்மேல் கல்பாலம். ஆறு பெரிதொன்றும் இல்லை, தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வாய்க்கால்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேல்ஸ், அந்தப் பக்கம் இங்கிலாந்து. அந்தப் பக்கம் மேட்டில் ஸ்டேப்பிள்டன் என்ற சிறு குடியிருப்பு, இடிந்துபோன ஒரு கோட்டை, வயல்கள், செம்மறி ஆடுகள். அது ஹெரிஃபோர்ட்ஷயர்.

வரைபடத்தில் எல்லைக்கோடு தெளிவாக ஆற்றோடு போகிறது. ஆனால் 'பாரிஷ்' என்ற ஒன்று இருக்கிறதே, அதாவது கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்றும் எங்கள் சி.எஸ்.ஐ.யில் 'சேகரம்' என்றும் சொல்வது, அது இந்தக் கோட்டைச் சட்டை செய்யவே இல்லை. ராட்னர்ஷயர் என்ற கவுண்டியையே 1536இல்தான் உண்டாக்கினார்கள். கோவில் அதற்கு வெகுகாலம் முந்தியது. அதனால் பிரஸ்டீன் பாரிஷ் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்தது: ஊரும் டிஸ்கோடும் ராட்னர்ஷயரில், ஸ்டேப்பிள்டன், வில்லி, கூம், ராட் போன்ற குடியிருப்புகள் ஹெரிஃபோர்ட்ஷயரில். எல்லோருக்கும் ஒரே கோவில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே கல்லறைத் தோட்டம். குற்றம் செய்தால் வேறு வேறு கோர்ட்டு. இது எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இணையத்தில் சென்சஸ் தாள்களைத் தேடினேன். 1841இல் அவள் பிரஸ்டீனில். அடுத்த சென்சஸுக்குள் கல்யாணமாகி லெம்ஸ்டர் பக்கம் போய்விட்டாள், அது ஹெரிஃபோர்ட்ஷயருக்குள்ளேயே இருக்கும் சந்தை ஊர். 1851 முதல் சென்சஸில் எந்தக் கவுண்டி, எந்த ஊரில் பிறந்தவர் என்று முழுதாக எழுதுவார்கள், அதனால் இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். 1851 தாளில் 'ராட்னர்ஷயர், பிரஸ்டீன்' என்று இருந்தது. 1861இல் வெறும் 'ஹெரிஃபோர்ட்ஷயர்', ஊர் பெயர் மேல் கணக்குச் சரிபார்த்தவர் கோடு கிழித்ததில் அழிந்துபோயிருந்தது. 1871இல் 'ஹெரிஃபோர்ட்ஷயர், பிரஸ்டீன்'. பிரஸ்டீன் ஹெரிஃபோர்ட்ஷயரில் இல்லையே! கணக்கெடுத்தவர் அசதியில் தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஒரு கட்டத்தில் இது ஒரே பெண்ணே இல்லை, முதல் மனைவி இறந்து அதே பெயரில் இரண்டாவது மனைவி வந்திருக்கிறாள் என்றுகூட நினைத்து, நடக்காத ஒரு மரணத்துக்கு அடக்கப் பதிவேடுகளில் மூன்று மாதம் தேடினேன்.

சொன்னால் வலிக்கிறது: அவளுடைய ஞானஸ்நானப் பதிவை நான் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரஸ்டீன், 1826. இணையத்தில் இருந்த பட்டியலில் பெயர், தேதி, தாயின் பெயர். 'இது அவளாக இருக்க முடியாது, அவள்தான் ராட்னர்ஷயரில் பிறக்கவில்லையே, 1841 தாளில் இல்லை என்று போட்டிருக்கிறதே' என்று ஒதுக்கிவிட்டேன். அந்த 'இல்லை'யை நான் தூரமாக எடுத்துக்கொண்டேன். எங்கிருந்தோ, சாமர்செட்டிலிருந்தோ ஷ்ராப்ஷயரின் வடக்கிலிருந்தோ, வேலை தேடி வந்தவள் என்று மனதில் ஒரு கதை ஓடியது. நான் ஊரைவிட்டு வந்தவள், அதனால் அவளையும் அப்படித்தான் நினைக்கத் தோன்றியதோ என்னவோ.

இதற்கு நடுவில் இன்னொரு திசையிலும் முட்டி மோதினேன். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் பிரைஸ். இந்தப் பக்கம் கல்லை எறிந்தால் ஒரு பிரைஸ் மேல் விழும். காரணம் கேட்டபோது எனக்குச் சட்டென்று மனசுக்கு நெருக்கமாகிவிட்டது. வெல்ஷ்காரர்களுக்கும் நம்மைப் போலவே அப்பா பெயர்தான் இரண்டாம் பெயர். 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ், ரீஸின் மகன். அதை ஆங்கில எழுத்தர்கள் கேட்டு எழுதி எழுதி, பிரைஸ் ஆனது. அப்படியே ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஹ்யூ பியூ ஆனது, ஆப் ஹாரி பாரி ஆனது, ஆப் எவன் பெவன் ஆனது. எல்லை ஓரத்தில் குடும்பப்பெயர் முன்னாலேயே நிலைத்துவிட்டது, மேற்கே மலைக்குள் போகப்போகப் பிந்தித்தான் நிலைத்தது. நிலைக்காத காலத்தில் அப்பா ஒரு பெயர், மகன் ஒரு பெயர், பேரன் ஒரு பெயர். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் ஆகி, இங்கே எல்லாரும் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவது பற்றி மாமியாரிடம் சொன்னபோது, "அப்போ உங்க ஊர்ல இன்னும் நடக்குதா அது!" என்று அவர் ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது.

ஆனால் பழைய பிரைஸ்களைத் தேடி 1752க்கு முன்னால் போனால் வேறொரு குழி. அதுவரை இங்கே புது வருடம் சட்டப்படி மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஆக, பதிவேட்டில் 1731 டிசம்பர் முடிந்ததும் 1731 ஜனவரி வரும், நம் கணக்கில் அது 1732. டிசம்பரில் கல்யாணம், அதே வருடப் பிப்ரவரியில் குழந்தை என்று பார்த்து, பிப்ரவரிதான் முந்தியது, கல்யாணத்துக்கு முன்பே குழந்தை என்று தப்புக்கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு இரண்டே மாதம். சரி, அந்த வழியை இப்போதைக்கு விட்டுவிட்டேன், அது தனிக் கதை.

முடிச்சு அவிழ்ந்தது எந்தக் காப்பகத்திலும் இல்லை, மாமியாரின் அடுப்படியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். "ஞாயிற்றுக்கிழமை ஆனா அப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டு இங்கிலாந்துக்குப் போயிடுவார்" என்றார். எதற்கு என்றேன். "பீர் குடிக்க. இங்க ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாதே. பாலத்தைத் தாண்டினா அந்தக் கவுண்டில உண்டு." வேல்ஸில் 1881இல் போட்ட ஞாயிற்றுக்கிழமை மதுவிலக்குச் சட்டம் அது. ராட்னர்ஷயர் மக்கள் 1961இல் ஓட்டுப் போட்டு அதை எடுக்கும்வரை இருந்தது. லண்டன் நாடாளுமன்றம் வேல்ஸை மட்டும் தனியாக நடத்திய அந்தச் சட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதலாம், ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. 'பாலத்தைத் தாண்டினால் அந்தக் கவுண்டி' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் தூரத்திலிருந்து வரவில்லை. வேலை பார்த்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் பிறந்திருக்கிறாள். ஆனாலும் 1841 தாளுக்கு அவள் வெளியூர்க்காரி. 1851, 1861, 1871 மூன்றையும் மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். பிரஸ்டீன் பாரிஷில் ஹெரிஃபோர்ட்ஷயர் பகுதியில் பிறந்த ஒருத்தி, கணக்கெடுப்பவர் கேட்கிற அவசரத்தில் ஒரு தடவை ஊரைச் சொல்லியிருக்கிறாள், அவர் அந்த ஊர் இருக்கும் கவுண்டியைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். இன்னொரு தடவை கவுண்டியை அழுத்திச் சொல்லியிருக்கிறாள். 1871இல் இரண்டையும் சொல்லியிருக்கிறாள், அதுதான் முழு உண்மை, அதைத்தான் நான் அசதி என்று நினைத்தேன். யாரும் தப்பாக எழுதவில்லை.

அடுத்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இங்கேதான் எல்லைப் பாரிஷின் அடுத்த வினோதம். பிரஸ்டீன் வேல்ஸில் இருந்தாலும் கோவில் ஹெரிஃபோர்ட் பிஷப்பின் திருமண்டலத்தைச் சேர்ந்தது, அன்றும் இன்றும். மேற்கே சில மைல் தள்ளிப் போனால் பாரிஷ்கள் செயின்ட் டேவிட்ஸ் திருமண்டலத்தின் கீழ் இருந்தன. 1858 வரை உயில்களைச் சர்ச் கோர்ட்டுகள்தான் பதிவு செய்தன, ஆகவே அந்தப் பக்கத்து விவசாயியின் உயில் பிரெக்கனில் பதிவாகி இப்போது அபரிஸ்ட்வித்தில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது, பிரஸ்டீன் விவசாயியின் உயில் ஹெரிஃபோர்டில். ராட்னர்ஷயர் கவுண்டி ஆவணங்களுக்கு லாண்ட்ரின்டாட் வெல்ஸ் போக வேண்டும். 1830 வரை நடந்த வெல்ஷ் கிரேட் செஷன்ஸ் என்ற பெரிய கோர்ட்டின் வழக்குகளுக்கு மறுபடி அபரிஸ்ட்வித். ஆற்றுக்கு அந்தக் கரையில் நடந்த பெரிய குற்றத்துக்கோ லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். ஒரே தெருவில் எதிரெதிர் நடந்துபோன இருவரின் காகிதங்கள் நாலு ஊரில் கிடக்கின்றன. நான் இரண்டு வருடம் லாண்ட்ரின்டாட் பக்கமே போய்க்கொண்டிருந்தேன், நான் குடியிருக்கும் ஊரிலேயே, ரொத்தர்வாஸில், காரில் பத்து நிமிடத்தில் இருந்தது அவளுடைய பதிவு.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சடித்த படிவமாக வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பெயர். எந்தத் தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தொழில், யார் ஞானஸ்நானம் கொடுத்தது. இணையப் பட்டியலில் இல்லாத கட்டம் அந்தக் 'குடியிருப்பு'. அதில் 'ஸ்டேப்பிள்டன்' என்று சாய்வான எழுத்தில் இருந்தது. பெற்றோர் கட்டத்தில் தாய் பெயர் மட்டும். தொழில் கட்டத்தில் 'மணமாகாதவள்'. மேலேயும் கீழேயும் இருந்த ஏழு குழந்தைகளுக்கும் அந்த இடத்தில் அப்பாவின் தொழில் எழுதியிருந்தது: கூலியாள், விவசாயி, செருப்புத் தைப்பவர், மறுபடி கூலியாள். இவளுக்கு மட்டும் அப்பாவின் தொழில் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் நிலை. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், பட்டியலை நம்பி நிற்காதீர்கள், எப்பாடு பட்டாவது அசல் பக்கத்தைப் பாருங்கள். ஒரு மனுஷியின் வாழ்க்கை ஒரு கட்டத்துக்குள் இருக்கும், பட்டியல் போட்டவர் அந்தக் கட்டத்தை விட்டிருப்பார்.

அந்த 1826 என்ற வருடத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் ஓடியது. நான் படித்தது திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில். அந்த ரெஜினால்ட் ஹீபர் பிறந்ததும் இதே எல்லையில்தான், வடக்கே செஷயரில் மால்பஸ் என்ற ஊரில். அந்தப் பாரிஷும் இப்படித்தான், ஒரு துண்டு வேல்ஸின் ஃபிளின்ட்ஷயருக்குள் கிடந்தது. கல்கத்தா பிஷப்பாக வந்து, 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் திருச்சிக் கோட்டைக் கோவிலில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு, குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். அடுத்த மாதம் இங்கே இவளுக்கு ஞானஸ்நானம். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் என் மகன் ஒருவனிடம் அந்த இரண்டு ஊரும் சேர்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இனி வரப்போவது இந்தத் தேடலில் நான் கண்ட மிக முக்கியமான காகிதம். மணமாகாத பெண் கர்ப்பமானால், அந்தக் காலத்தில் அது பாரிஷுக்குப் பணப் பிரச்சினை. குழந்தை எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தின் ஏழைவரியிலிருந்துதான் அதற்குச் சோறு போட வேண்டும். அதனால் ஏழைகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர்கள் அவளை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் கொண்டுபோய் நிறுத்தி, சத்தியம் வாங்கி, அப்பன் யார் என்று சொல்ல வைப்பார்கள். அவனிடம் வாரப் பணம் கட்டச் சொல்லி உத்தரவு போடுவார்கள். சில இடங்களில் நிறைமாதக் கர்ப்பிணியைக் குழந்தை பிறப்பதற்குள் அடுத்த பாரிஷுக்குள் தள்ளிவிட்டுவிட்டு வருவார்கள். வசதியானவர்கள் உயில், நிலப்பத்திரம், சுவரில் பளிங்குக் கல் என்று விட்டுப்போகிறார்கள். ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாய்வார்த்தை காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் இப்படி ஒரு நாளில்தான், அவள் வாழ்க்கையின் மிக மோசமான நாளில்.

அவளுடைய தாய் அப்படிச் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலம்தான் எனக்குக் கிடைத்தது. அரைத்தாள் அளவு, நாலாக மடித்தது. மடிப்பில் மை பழுப்பேறி, ஓரம் கொஞ்சம் பொடிந்திருந்தது. பேனாவே கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். தாளை விரித்து ஓரங்களில் துணிச்சுற்றிய சின்ன எடைகளை வைத்துக்கொண்டு படித்தேன். அவள் சொன்னது எழுத்தரின் நடையில் இருந்தது: மே மாதத்திலிருந்து மே மாதம் வரை ஒரு வருடச் சம்பளத்துக்கு ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தது, அங்கே வேலை பார்த்த இன்னொருவன் பெயர், பெண் குழந்தை பிறந்த தேதி, பிறந்த இடம். அந்த இடத்தில்தான் என் விரல் நின்றது. 'பிரஸ்டீன் பாரிஷ், ராட்னர் கவுண்டி' என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். பிறகு 'ராட்னர்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன்மேல் சின்ன எழுத்தில் 'ஹெரிஃபோர்ட்' என்று எழுதியிருக்கிறார். நான் செய்த அதே தப்பை அந்த அறையில் உட்கார்ந்திருந்த எழுத்தரே செய்து, யாரோ திருத்தியிருக்கிறார்கள். யார் திருத்தியிருப்பார்? மாஜிஸ்திரேட்டா, மேற்பார்வையாளரா? அந்தப் பெண் வாய் திறந்து, "இல்லைங்க ஐயா, ஸ்டேப்பிள்டன் அந்தப் பக்கம்" என்று சொல்லியிருக்கக்கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் அவள் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு கோடும் சமமாக இல்லை, இரண்டாவது கோடு தொடங்கிய இடத்தில் மை தேங்கி ஒரு பொட்டு. பேனாவை அங்கே வைத்து ஒரு நொடி நின்றிருக்கிறாள்.

வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உத்தரவு. அந்த ஆளின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அவன் வழியில் வந்தவர்கள் இன்றும் பக்கத்திலேயே இருக்கலாம்.

வெளியே வந்து காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு நினைவு வந்தது செயின்ட் ஆண்ட்ரூஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் இரண்டு கற்கள். 1805 ஏப்ரலில் மேரி மார்கன் என்ற 17 வயதுப் பெண்ணைப் பிரஸ்டீனில் தூக்கில் போட்டார்கள். கிளாஸ்பரி பக்கம் மாஸ்லக் மாளிகையில் சமையல்கட்டில் வேலை பார்த்தவள், பெற்ற குழந்தையைக் கொன்றாள் என்று குற்றம். தண்டனை சொன்ன நீதிபதி ஜார்ஜ் ஹார்டிங். அந்த நீதிபதியின் நண்பரான ஒரு பிரபு அவளுக்கு ஒரு பெரிய கல் வைத்து, அதில் அவள் பாவத்தையும் நீதிபதியின் கருணை மனத்தையும் நீட்டி முழக்கியிருக்கிறார். அதன் அருகே பெயர் சொல்லாத யாரோ ஒரு சின்னக் கல் வைத்திருக்கிறார்கள். அதில் யோவான் எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம். 'உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்.' சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனத்தை அங்கே ஆங்கிலத்தில் பார்த்தபோது நான் தமிழில்தான் வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெருங்கல்லை எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் சின்னக் கல் முன்னால்தான் நிற்பேன்.

மேரி மார்கன் தூக்கிலேறி இருபத்தொரு வருடம் கழித்து, அவள் கல்லறையைத் தாண்டித்தான் மாமியாருடைய பாட்டியின் பாட்டியை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். தாய்க்கு அந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது. ஊரே பார்த்த தூக்கு அது.

இதற்கப்புறம் எல்லையே எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஆற்றை ஒரு தடவை தேடுகிறேன். 1891 சென்சஸில் முதல்முறையாக மொழி கேட்டார்கள், வெல்ஷா, ஆங்கிலமா, இரண்டுமா என்று. ஆனால் வேல்ஸில் மட்டும்தான் கேட்டார்கள். பிரஸ்டீன் வீடுகளில் 'ஆங்கிலம்' என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. அக்கரையில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. பிறகு வேல்ஸில் அரசாங்கத்தையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தபோது, எல்லையின் இருபக்கமும் கால் வைத்திருந்த 19 பாரிஷ்களில் 1915, 1916இல் தனியாக ஓட்டெடுப்பு நடத்தினார்கள். புதிய வெல்ஷ் திருச்சபைக்குப் போகிறீர்களா, இங்கிலாந்து திருச்சபையிலேயே இருக்கிறீர்களா என்று. ஏறக்குறைய எல்லாமே இருக்கிறோம் என்றன, பிரஸ்டீனும்தான். 1920இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் இன்றும் வேல்ஸ் மண்ணில் நிற்கும் அந்தக் கோவிலுக்கு ஹெரிஃபோர்ட் பிஷப். 1915 ஆகஸ்டில் ஹெரிஃபோர்ட்ஷயர் ரெஜிமென்ட் பையன்கள் முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்பொலியில், சுவ்லா என்ற இடத்தில் இறங்கினார்கள். இங்கிலாந்துக் கவுண்டியின் பெயரைத் தாங்கிய படை, போனது 53ஆவது வெல்ஷ் டிவிஷனோடு.

என் கணவரும் மாமியாரும் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ஒரு சண்டை போடுவார்கள். அவர், "நாம இங்கிலீஷ்" என்பார். மாமியார், "நாங்க வெல்ஷ், உன்னைப் பத்தி எனக்குத் தெரியாது" என்பார். ரக்பி நாட்களில் அது உச்சத்துக்குப் போகும். இந்தக் காகிதத்தின் நகலைக் காட்டினால் யாராவது ஒருவர் ஜெயித்தேன் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மாமியாரிடம் சொல்வதற்குத்தான் தயங்கினேன். அவர் வயதில், கோவிலுக்கு வாராவாரம் போகிற ஒரு பெண்மணியிடம், உங்கள் பாட்டியின் பாட்டிக்கு அப்பா பெயர் எழுதப்படவில்லை என்று எப்படிச் சொல்வது. எங்கள் ஊரில் என் பாட்டியிடம் இப்படி ஒன்றைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. நகலை மேஜைமேல் வைத்து, மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெருக்கல் குறியை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், "பிள்ளை பெத்தப்ப இவகூட யார் இருந்தா?" எனக்குப் பதில் தெரியவில்லை. "அந்த வாரப் பணத்தை அவன் ஒழுங்காக் குடுத்தானா?" என்றார். மேற்பார்வையாளர் கணக்கு நோட்டில் கொஞ்ச காலத்துக்குப் பணம் வந்த பதிவு இருக்கிறது என்றேன். "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு ஒரு பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

பிற்பாடு அந்தத் தாய்க்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அதே கோவிலில், 1831இல். கல்யாணப் பதிவேட்டிலும் பெருக்கல் குறிதான், ஆனால் கோடுகள் நேராக இருக்கின்றன. 63 வயதில் இறந்திருக்கிறாள். அடக்கப் பதிவேட்டில் குடியிருப்பு 'பிரஸ்டீன்', ஆக எப்போதோ ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கல் எதுவும் கிடையாது.

போன ஏப்ரலில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கோவிலிலிருந்து பாலம்வரை நடந்தே வந்தார். பாலத்தில் பாதி தூரத்தில் நின்று ஸ்டேப்பிள்டன் மேட்டைப் பார்த்தார், திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். என் மகன் குடும்ப மரம் வரைந்த பெரிய அட்டையைக் கையில் வைத்திருந்தான், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அதில்தான் சேர்த்துக்கொண்டே வருகிறோம். பாட்டியின் பாட்டி பெயரும் வருடமும் எழுதிவிட்டு, பிறந்த இடம் என்ற கட்டத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு, "என்ன போடணும்? வேல்ஸா, இங்கிலாந்தா?" என்று கேட்டான். நான் ஹெரிஃபோர்ட்ஷயர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்னு போடு" என்றார் மாமியார்.

அப்படியே எழுதினான். காற்று அடித்ததால் அட்டையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.